நிறம் மாறுவது எந்த இடத்தில்?

போர் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று தெருவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "டேங்க்கைக் கழுவுங்க சார்" என்பார் ஒருவர். "போரை ஃப்ளஷ் பண்ணணும், கம்ப்ரசர் வண்டி வரச் சொல்லட்டுமா?" என்பார் இன்னொருவர். அடுத்த நாளே ஒருவர் விசிட்டிங் கார்டோடு வாசலில் நிற்பார். அவரிடம் மெஷின் இருக்கும். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்த வீடுகளில் அது வேலை செய்திருக்கும். அந்த வீடுகளில் தண்ணீர் கெட்ட காரணமும் உங்கள் வீட்டில் கெட்ட காரணமும் ஒன்றுதானா என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் கட்சி இதுதான். தண்ணீர் என்ன நிறம் என்பதைவிட, எந்த இடத்தில் அந்த நிறம் வருகிறது, எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளை வாளியும் மூடி போட்ட நாலு கண்ணாடி பாட்டிலும் போதும். பணம் செலவாகிற வேலையெல்லாம் அதற்கு அப்புறம்.

மடிப்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டு போரை வைத்தே சொல்கிறேன். ஒரு நாள் போனில் அக்கா: "உங்க அத்தான் வெள்ளைச் சட்டையெல்லாம் காவி கட்டிக்கிச்சுடா. மனுஷன் சந்நியாசம் வாங்கிட்டார்னு ஆபீஸ்ல நினைச்சுக்கப் போறாங்க." குளியலறைத் தரையில் செம்பழுப்புக் கோடு. கமோடில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு வளையம். டேங்க்கை ஆள் வைத்துக் கழுவியிருக்கிறார்கள். அடியில் துருநிறச் சேறு இருந்ததாம். அடுத்த வாரமே பழைய கதை.

முதல் கேள்வி: எந்தக் குழாயில்?

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். போரிலிருந்து நேராக வரும் குழாய் ஒன்று எங்காவது இருக்கும். பெரும்பாலும் மோட்டாருக்குப் பக்கத்திலோ, செடிக்கு ஊற்றும் குழாயாகவோ இருக்கும். அதில் ஒரு வாளி பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டியைத் திறந்து நேராக ஒரு வாளி மொள்ளுங்கள். பிறகு சமையலறை, குளியலறை, கீசர் என்று ஒவ்வொன்றாக. வாளி வெள்ளையாக இருக்க வேண்டும். நீல வாளியில் மஞ்சள் தெரியாது.

ஒரே ஒரு குழாயில் மட்டும் நிறம் என்றால் கோளாறு போரில் இல்லை, அந்த லைனில். பழைய வீடுகளில் ஜி.ஐ. பைப் உள்ளே துருப்பிடித்துப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். காலையில் முதலில் திறக்கும்போது பழுப்பாக வந்து, ஒரு நிமிடத்தில் தெளிந்தால் அநேகமாக இதுதான். இரவெல்லாம் பைப்பில் தங்கிய தண்ணீர் துருவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெந்நீரில் மட்டும் நிறம் என்றால் கீசர் தொட்டியைப் பாருங்கள். இந்த வீடுகளுக்கெல்லாம் ஃபில்டர் வாங்கி மாட்டினால் கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம். பைப்பை மாற்ற வேண்டும்.

மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீடுகளுக்கு இன்னொரு விஷயம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், போர் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரும்பைப் பிடித்து நிறமாக வெளியே தள்ளிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தெளிவு, கலந்தால் கலங்கல். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒன்றாக ஊற்றிப் பாருங்கள்.

அக்கா வீட்டில் செடிக்கு ஊற்றும் குழாயில் தண்ணீர் தெளிவாக வந்தது. மாடித் தொட்டியில் மஞ்சள். "பாத்தியா, டேங்க்தான் அழுக்கு, நான்தான் சொன்னேனே" என்றார் அத்தான். டேங்க்கில்தான் அழுக்கு, சரி. அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

பாட்டில் சோதனை

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். பைப்பில் பழையதாகத் தங்கியிருந்த தண்ணீர் போகட்டும். பிறகு நேர்க் குழாயில் ஒரு பாட்டிலைக் காற்றுக்கே இடம் விடாமல் தளும்பத் தளும்ப நிரப்பி மூடுங்கள். இரண்டாவது பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மூன்றாவதில் மாடித் தொட்டித் தண்ணீர். நாலாவதில் சமையலறைத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டிவிட்டு ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் வரிசையாக வையுங்கள். பிடித்தவுடன் பாருங்கள், அரை மணி கழித்துப் பாருங்கள், மறுநாள் காலையில் பாருங்கள்.

பிடித்தபோது தெளிவாக இருந்து, வைக்க வைக்க மஞ்சளாகி, பிறகு அடியில் செம்பழுப்பு மாவு படிந்தால் அது கரைந்த நிலையில் வரும் இரும்பு. தளும்ப நிரப்பிய பாட்டிலைவிடக் குலுக்கிய பாட்டில் சீக்கிரம் மஞ்சளானால் சந்தேகமே வேண்டாம்.

பிடிக்கும்போதே பழுப்பாக வந்து சீக்கிரம் அடியில் தங்கிவிட்டால் மண், மணல், அல்லது ஏற்கெனவே உருவான துரு. போரின் அடியிலிருந்தோ கேசிங் பைப்பிலிருந்தோ வருகிறது.

மறுநாள் வரைக்கும் எதுவும் படியாமல், தெளிவாகவும் அதே சமயம் மஞ்சளாகவும் நின்றால் அது அநேகமாக இலைதழை, சதுப்பு மண் இவற்றின் சாயம். இரும்பு அந்தச் சாயத்தோடு பிணைந்து கிடந்தாலும் இப்படித்தான் பிடிவாதமாக நிற்கும். இந்த வகைதான் சரிசெய்யக் கடினமானது.

அக்கா வீட்டில் முதல் வகை. தளும்ப நிரப்பியது அரை மணிக்கு அப்புறமும் தெளிவாக இருக்க, குலுக்கியது நிறம் காட்ட ஆரம்பித்துவிட்டது. அதாவது அழுக்கு தொட்டிக்குள் வந்து சேரவில்லை, தொட்டிக்குள்தான் பிறக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் திரும்ப வரத்தானே செய்யும்?

தரைக்கு மேல் வந்ததும் ஏன் இந்த வேஷம்?

நிலத்தடியில் ஆழத்தில் காற்று இல்லாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும். இதை ஃபெரஸ் இரும்பு என்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து ஆக்ஸிஜன் பட்டதும் ஃபெரிக் இரும்பாக மாறுகிறது. அது தண்ணீரில் கரையாது. துகளாகி, நிறமாகி, கசடாகி அடியில் உட்கார்ந்துவிடும். மாடித் தொட்டியில் விழும்போது பட்ட காற்று போதும்.

மடிப்பாக்கத்துக்குக் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிய பகுதிகளில் மேலே களிமண், அதில் மக்கிய தாவரப் பொருள். கீழே பல்லாவரம் பக்கத்து மலைகளில் தெரிகிற அதே சார்னோகைட் பாறை, சிதைந்த நிலையில். பாறையின் தாதுக்களில் இரும்பு உண்டு. மக்கும் பொருள், தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். ஆக்ஸிஜன் தீர்ந்த தண்ணீர் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் இரும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். எனவே இதை "போர் கெட்டுப்போச்சு" என்று நினைக்க வேண்டாம். அந்த நிலத்தின் இயல்பு அது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கதை பழகியதாக இருக்கும். அங்கே கடலூர் மணற்கல்லே இரும்பேறிச் சிவந்து கிடக்கிறது.

இரும்பை ஆக்ஸிஜனேற்ற எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? 1 மில்லிகிராம் ஆக்ஸிஜன் சுமார் 7 மில்லிகிராம் இரும்பைத் துருவாக்கிவிடும். நம் ஊர் வெப்பத்தில் காற்றுப் பட்ட தண்ணீர் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜனைத் தாங்கும். ஆகவே காற்றுக்குப் பஞ்சமில்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. பி.எச். ஒரு படி ஏறினால் இந்த வினை ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாகும். 7.5இல் நிமிடக் கணக்கில் முடிகிற வேலை, 6.5இல் மணிக்கணக்காக இழுக்கும். அக்கா வீட்டுத் தண்ணீர் தொட்டியில் விழும்போது தெளிவாக இருந்து, குளிக்கும்போது மஞ்சளாகி, துணி காயும்போது காவியானதெல்லாம் இந்த நேரக் கணக்கில்தான்.

டீக்கடை ரசாயனம்

லேபுக்குப் போகும் முன் சமையலறையிலேயே ஒரு சாட்சி கிடைக்கும். இரும்புள்ள தண்ணீரில் கொதிக்கவைத்த கட்டன் டீ, சிவப்புக்குப் பதில் கருத்து, மங்கலாக இருக்கும். எலுமிச்சை பிழிந்தால் சட்டென்று வெளுக்கும். டீயில் இருக்கும் டேனின் இரும்போடு சேர்ந்து கருமையாகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டாலும் சற்று நேரத்தில் நீலங்கருமை ஏறும். கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுவதும் இதே வினையால்தான். வங்கதேசத்துக் கிராமங்களில் கொய்யா இலையைக் கசக்கிப் போட்டுக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பார்கள்.

இது இரும்பு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

மெஷின்காரர் வித்தை

அக்கா வீட்டுக்கு ஒரு விற்பனைப் பையன் வந்திருந்தான். இரண்டு டம்ளர். ஒன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் வீட்டுத் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் நுழைத்து ஸ்விட்ச் போட்டான். வீட்டுத் தண்ணீர் பொங்கிப் பழுப்பாகி, கசடு மிதந்து, பார்க்கவே குமட்டியது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. "பாத்தீங்களா மேடம், இதைத்தான் நீங்க குடிக்கிறீங்க."

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. இரும்புக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்தால் கம்பி கரைந்து துருவாகும். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், உப்பை நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் ஓடாது. வித்தை அவ்வளவுதான். நான் இதை அத்தானிடம் சொல்லியிருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, "தம்பி, இதை உன் தண்ணில போட்டு இன்னொரு வாட்டி காட்டுப்பா" என்றார். ஆர்.ஓ. தண்ணீரும் பழுப்பானது. அந்தப் பையன் முகத்தில் நிஜமான ஆச்சரியம். அவனுக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பேனா மாதிரி வருமே டி.டி.எஸ். மீட்டர், அதுவும் இந்த விஷயத்தில் உதவாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறது. 900 என்று காட்டும் தண்ணீரில் இரும்பு 3 இருக்கிறதா, 0 இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. டி.டி.எஸ். 200 உள்ள தண்ணீர் சட்டையைக் கறையாக்கலாம், 1,500 உள்ள தண்ணீர் கண்ணாடியாகவும் இருக்கலாம்.

லேபுக்கு எடுத்துப் போகும் முறை

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் பொதுமக்களுக்கும் பார்த்துக் கொடுப்பார்கள். கிண்டி கிங் ஆய்வகத்திலும் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. கிராமத்தில் இருந்தால் ஊராட்சியில் விசாரியுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

தண்ணீர் எடுக்கும் விதத்தில்தான் பலருக்கும் கணக்குத் தப்புகிறது. மாடித் தொட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. பாதி இரும்பு அங்கேயே அடியில் தங்கியிருக்கும். போர் வாயிலில், மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு எடுக்க வேண்டும். இரும்புச் சோதனைக்கு லேபிலேயே சில துளி அமிலம் விட்ட பாட்டில் கேட்டு வாங்குங்கள். அமிலம் இல்லையென்றால் வழியிலேயே இரும்பு படிந்து பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட்டில் குறைவாக வரும். கிருமிச் சோதனைக்குத் தனியாகச் சுத்திகரித்த பாட்டில், ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

கேட்க வேண்டிய சோதனைகள்: இரும்பு, மாங்கனீஸ், பி.எச்., கலங்கல், டி.டி.எஸ்., கடினத்தன்மை, நைட்ரேட், ஈ.கோலி. கடைசி இரண்டும் நிறத்துக்குச் சம்பந்தமில்லாதவை. ஆனால் உடம்புக்கு உண்மையான ஆபத்து அவற்றில்தான். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது. இவை இரண்டும் எகிறியிருக்கும் தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு சிக்கல். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, 2012 பதிப்பில் இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. பின்னால் வந்த திருத்தம் அதை 1.0 ஆக்கியது. துணியும் பீங்கானும் கறைபடுவது 0.3இலேயே தொடங்கிவிடும். அதனால் 0.8 என்று வந்த ரிப்போர்ட்டில் "வரம்புக்குள்" என்றுதான் எழுதியிருக்கும், உங்கள் வேட்டி மட்டும் வேறு கதை சொல்லும். இரண்டும் சரிதான். இந்த அளவு இரும்பு குடிப்பவரை நோயாளியாக்காது. ருசியையும் துணியையும்தான் கெடுக்கும்.

அக்கா வீட்டில் இரும்பு 3ஐ ஒட்டி, பி.எச். 7க்குச் சற்றுக் கீழே. 3 மில்லிகிராம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் ஏற்றினால் 3 கிராம். ஒரு வருஷத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இரும்பு மொட்டைமாடிக்கு ஏறுகிறது. துருவாக மாறினால் சுமார் இரண்டு கிலோ. டேங்க் அடியில் சேறு எப்படி வந்தது என்று அத்தானுக்கு அதற்கப்புறம் சந்தேகம் வரவில்லை.

சரிசெய்யும் வரிசை

காற்று, நேரம், மணல். இதே வரிசையில். தொட்டியில் தானாக நடக்கிறதை, நமக்கு வசதியான இடத்தில் நடக்க வைப்பதுதான் வேலை.

அக்கா வீட்டில் செய்தது இது. மொட்டைமாடியில் பழைய தொட்டிக்கு மேலாக ஒரு சின்னத் தொட்டி. போர் பைப்பின் முனையில் துளை போட்ட பைப்பை மாட்டி, தண்ணீர் பல தாரைகளாகப் பிரிந்து விழும்படி செய்தோம். இதில் ஆக்ஸிஜன் உள்ளே போவதோடு கரியமில வாயு வெளியேறுவதும் நடக்கிறது. நிலத்தடி நீரில் அது நிறையக் கரைந்திருக்கும். அது போனால் பி.எச். கொஞ்சம் ஏறும், ஏறினால் வினை வேகமாகும். தண்ணீர் சின்னத் தொட்டியில் தங்கிப் படிந்த பிறகு, அடியிலிருந்து அரை அடிக்கு மேலே வைத்த வாயில் வழியாக மணல் ஃபில்டருக்கு இறங்கி, அங்கிருந்து பெரிய தொட்டிக்குப் போகிறது. சின்னத் தொட்டியின் அடியில் கசடைத் திறந்துவிட ஒரு வால்வ். காற்றுக்காக விட்ட திறப்புகளில் எல்லாம் கொசுவலை. சென்னையில் அது இல்லாவிட்டால் இரும்புக்குப் பதில் டெங்குவை வளர்ப்போம்.

மணலைத் திருப்பிக் கழுவுவது, அதாவது பேக்வாஷ், இதில் உயிர்நாடி. தண்ணீரைக் கீழிருந்து மேலாக வேகமாக விட்டு, மணலில் சிக்கிய துருவை வெளியே தள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் சில வாரத்தில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், அல்லது சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே நாளில் குழாயில் கக்கும். "ஃபில்டர் போட்டதுக்கு அப்புறம் இன்னும் மோசம்" என்று சொல்கிற வீடுகளில் முதலில் இதைத்தான் கேட்பேன்.

இடமில்லாத வீடுகளுக்குக் கடையில் கிடைக்கும் இரும்பு நீக்கி ஃபில்டர் சரிப்படும். அதில் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு பூசிய மணல் இருக்கும், வினையை வேகப்படுத்தும். மாங்கனீஸும் சேர்ந்து வரும் தண்ணீருக்கு இதுதான் வழி. வெறும் காற்றுக்கு மாங்கனீஸ் அவ்வளவு சுலபத்தில் மசியாது. சின்ன அளவில் குடிநீருக்கு மட்டும் வேண்டுமென்றால், புவனேஸ்வரத்து சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் உருவாக்கிய டெராஃபில் என்னும் சுட்ட செம்மண் வடிகட்டி இரும்பையும் கலங்கலையும் பிடிக்கும், மின்சாரம் வேண்டாம்.

சாஃப்ட்னரையும் ஆர்.ஓ.வையும் முதலில் வைக்காதீர்கள். இரும்பு சாஃப்ட்னரின் ரெசினில் பூசிக்கொண்டு அதைக் கெடுக்கும், ஆர்.ஓ. சவ்வை அடைக்கும். உப்புத் தொல்லையும் இருந்தால், இரும்பை எடுத்த பிறகுதான் அவற்றின் முறை. காய்ச்சினாலும் இரும்பு போகாது. கிருமி சாகும், கொதிக்கும்போது துரு இன்னும் சீக்கிரம் தெரியும்.

பிளீச்சிங் பவுடரும் இப்படித்தான். பக்கத்து வீட்டு மாமி சொன்னார் என்று அக்கா ஒரு முறை டேங்க்கில் போட்டதும் தண்ணீர் சடாரென்று பழுப்பானது. "பவுடர் மட்டம் போல" என்றாள். பவுடர் தன் வேலையைத்தான் செய்தது. குளோரின், காற்றைவிட வேகமாக இரும்பைத் துருவாக்கும். ஒரு கிராம் இரும்பு 0.64 கிராம் குளோரினைத் தின்றுவிடுவதால், கிருமியைக் கொல்ல மிச்சமிருப்பதும் குறைந்துவிடும். ஆகவே குளோரின் ஃபில்டருக்கு அப்புறம். நல்ல புதுப் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புக் கறைபட்ட துணிக்கும் பிளீச் ஆகாது, கறை நிலைத்துவிடும். எலுமிச்சை அல்லது சிட்ரிக் ஆசிட் போடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

வேறு நிறங்கள், சுருக்கமாக

கறுப்பு: குழாயிலும் தொட்டியிலும் கருங்கறை படிந்தால் மாங்கனீஸாக இருக்கலாம். அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கறுப்புத் துணுக்கு விரலில் மை மாதிரி தேய்ந்தால் ரப்பர் வாஷர் நைந்துவிட்டது.

வெள்ளை: டம்ளரில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி, விட்டுவிடுங்கள். தெளியாமல் நின்றால் களிமண். படிகாரம், தேற்றாங்கொட்டை இரண்டும் இந்தக் கலங்கலுக்குத்தான். கரைந்த இரும்பை அவை தொடாது.

பச்சை: டேங்க் மூடி உடைந்து வெயில் விழுகிறது, பாசி.

மேலே எண்ணெய்ப்படலம்: ஒரு குச்சியால் கீறுங்கள். துண்டுதுண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா. திரும்ப ஒன்று சேர்ந்துகொண்டால் நிஜ எண்ணெய், மோட்டாரைப் பார்க்க வேண்டும். இரும்பு பாக்டீரியா வந்த வீட்டில் ஃப்ளஷ் டேங்க்கைத் திறந்தால் வழவழவென்று செம்பழுப்புக் கூழ் ஒட்டியிருக்கும். போருக்குள் அதிக அளவு குளோரின் விட்டு ஒரு இரவு வைத்து வெளியேற்றுவார்கள். அடங்கும், அடியோடு போகாது. அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டிவரும்.

மழையிலும் மேயிலும்

இதுவரை சொன்னது எல்லா நாளும் ஒரே மாதிரி வரும் நிறத்தைப் பற்றி. நேற்றுவரை தெளிவாக இருந்து, மழை பெய்த மறுநாள் திடீரென்று கலங்கினால் அது வேறு வழக்கு. மேல்தண்ணீர் போருக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். மேல்தண்ணீர் வந்த வழியில் சாக்கடையும் வரும். சரிசெய்து, ஈ.கோலி சோதனை முடியும்வரை அதைக் குடிக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் காய்ச்சிக் குடியுங்கள்.

கேசிங் பைப் தரைமட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா, சுற்றிலும் சிமென்ட் பூசியிருக்கிறதா, மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மழைநீர் சேகரிப்புப் பைப்பைப் பின்தொடருங்கள். தமிழ்நாட்டில் 2003இல் அதைக் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் பல வீடுகளில் மொட்டைமாடிப் பைப்பை நேரே போருக்குள் இறக்கிவிட்டார்கள். மாடித் தூசி, சருகு, காக்கை எச்சம் எல்லாம் அதே வழியில் உள்ளே. நடுவில் ஜல்லி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி வேண்டும்; முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வும் வேண்டும். செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி இரண்டும் போரிலிருந்து 50 அடிக்காவது தள்ளி இருந்தால் நல்லது. மனை சின்னதென்றால் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்கையும் கணக்கில் சேருங்கள்.

மே மாதத்தில் மட்டும் மணலும் சேறுமாக வந்தால் நீர்மட்டம் இறங்கி, மோட்டார் அடிவண்டலை இழுக்கிறது. கம்ப்ரசர் வண்டி வரவேண்டிய வீடு இதுதான். ஃப்ளஷ் செய்து, இடம் இருந்தால் மோட்டாரைக் கொஞ்சம் மேலே தூக்கி மாட்டச் சொல்லுங்கள். ஃப்ளஷ் செய்தும் ஓயாமல் மணல் வந்தால் கேசிங் எங்கோ உடைந்திருக்கலாம். கேமரா இறக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

உறைக்கிணறு வைத்திருப்பவர்கள் கோடையில் தூர் வாருவது வழக்கம். பழைய கிணற்றின் அடியில் ஆக்ஸிஜன் இல்லாமல் கரியமில வாயு தேங்கியிருக்கும். இறங்கியவர் மயங்கி, காப்பாற்ற இறங்கியவரும் மயங்கி இறந்த செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. விளக்கை இறக்கிப் பார்ப்பது மட்டும் போதாது; விஷ வாயு இருந்தாலும் விளக்கு எரியும். வாயுமானியும் காற்றடிக்கும் ப்ளோயரும் இடுப்புக் கயிறும் உள்ள பழகிய ஆட்களைத் தவிர யாரையும் இறக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது

பாட்டில் சோதனை முடித்து, ரிப்போர்ட் கையில் இருந்தால், ஃபில்டர் கடையில் கேட்க வேண்டியது நாலே கேள்வி. இது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் இரும்புவரை தாங்கும்? எந்த பி.எச்.சுக்கு மேல் வேலை செய்யும்? மணிக்கு எத்தனை லிட்டர்? பேக்வாஷுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகத்தில் வேண்டும், என் மோட்டாருக்கு அந்தத் திராணி இருக்கிறதா? எண்ணாகப் பதில் சொல்கிறவரிடம் பேரம் பேசுங்கள். "எல்லாத் தண்ணிக்கும் செட் ஆகும் சார்" என்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.